ஊரும் வலையும்: மண்கும்பானை முன்வைத்துச் சமூகக் கணிமை பற்றிய ஒரு நோக்கு

ஊர் என்னும் சொல் தமிழில் இருபொருள் ஒருங்கே தாங்கி வழங்கிவந்துள்ளது. நிலத்தையும் அது குறிக்கும். அந்நிலத்தில் வாழும் மக்களையும் அது குறிக்கும். ஊர் திரண்டது என்னும்போது மண் திரண்டதாக எவரும் கொள்வதில்லை. ஊருக்குப் போகிறான் என்னும்போது மக்களை மட்டும் நினைப்பதுமில்லை. இவ்விரு பொருளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதிருந்த காலம்வரை இதில் ஆராய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. அவை பிரியத் தொடங்கியபோதே வினா எழுந்தது. மேனாட்டில் 1887ஆம் ஆண்டு ஜேர்மானிய அறிஞர் பேர்டினண்ட் தொன்னீஸ், உறவும் அண்மையும் பிணைத்த பழைய கூட்டு வாழ்வையும், நலனும் ஒப்பந்தமும் பிணைத்த நகர வாழ்வையும் வேறுபிரித்துக் காட்டினார். அன்று முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம், தொழில்மயமான நகரத்தில் ஊர் அழிந்துவிட்டதா என்பதே சமூகவியலின் நீங்காத கவலையாக இருந்தது.

அக்கவலை அண்மைக் காலத்தில் கணினித் துறைக்கும் வந்து சேர்ந்தது. மனிதர் ஒருவரோடொருவர் பழகுவதற்கும், கூடித் தொழில் செய்வதற்கும், பூசல் விளைப்பதற்குங்கூடக் கணினி எவ்வாறு களமாகிறது என்பதை ஆராயும் துறை இன்று சமூகக் கணிமை எனப்படுகிறது. அத்துறையிற் கலாநிதிப் பட்டத்துக்கென மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றை யாழ்ப்பாணத் தீவகத்துச் சிற்றூராகிய மண்கும்பானின் வரலாற்றோடு சேர்த்துவைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சி. தொலைவிலுள்ள இரண்டை வலிந்து இணைப்பதாகத் தோன்றலாம். ஆயின், ஊர் என்பது இடமா உறவா என்ற வினாவுக்கு இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில் விடை தந்தன என்பது நோக்கற்பாலது.

மண்கும்பான் வேலணைத் தீவின் கிழக்குப் பகுதியில் உள்ளது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலுக்குக் குறுக்கே இட்ட தாம்போதி வழியாக மேற்கே செல்பவர், மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து இவ்வூரை அடைவர். அவ்வீதியே வேலணைக்கும், அதற்கப்பால் புங்குடுதீவுக்கும், குறிகட்டுவான் இறங்குதுறைக்கும் செல்வது. நயினாதீவு நாகபூசணி அம்மனை வழிபடச் செல்லும் அடியார் யாவரும் மண்கும்பானைக் கடந்தே போகின்றனர். கடந்துபோகும் ஊராகவே பெரும்பாலோர் அதனை அறிந்துமுள்ளனர். பெயரிலே மண் உண்டு. ஊரிலும் மணலே மிகுதி. அம்மணலைக் குறைவாக எண்ணுதல் கூடாது. சுற்றிலும் உவர்நீர் சூழ்ந்த தாழ்நிலத்தில் மழைநீரைத் தேக்கிவைக்கும் வல்லமை மணற்றிட்டுக்கே உண்டு. உவர்நீரிலும் எடை குறைந்த நன்னீர் அதன்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கும். நன்னீர் அரிதான தீவகத்திற் குடியிருப்பு எங்கே அமையும் என்பதை இத்தகைய நிலவமைப்பே பெரும்பாலும் தீர்மானித்தது. இங்கு அண்மை என்பது கிணற்றின் அண்மை.

வேலணைத் தீவுக்கு ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் லைடன் என்று பெயரிட்டனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. இப்பெயர்களில் டெல்ப்ற் ஒன்றே பரவலாக நிலைத்தது. ஏனையவை ஏட்டளவில் நின்றன. ஊரின் பெயரை வெளியார் வைக்கலாம். அதனை வழங்குவது ஊராரின் கையிலேயே உள்ளது. பிற்காலத்தில் வலைத்தளங்களில் ஊர்ப் பெயர்கள் ஏறியபோதும் இவ்வுண்மை மாறவில்லை.

தீவகத்தார் ஊரைவிட்டுப் பிரிந்து வாழக் கற்றது 1990க்குப் பிற்பட்ட செய்தியன்று. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவாங்கூருக்குச் சென்ற காலத்திலேயே கடல் கடந்த கொடுக்கல் வாங்கல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் பணிபுரியச் சென்ற யாழ்ப்பாணத்தார் மாதந்தோறும் பணம் அனுப்பினர், கல்வீடு கட்டினர், கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தனர், ஓய்வூதியத்தோடு திரும்பி வந்தனர். தீவுப்பகுதியார் பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்தனர். கடையிலே வேலைக்கு நிற்கும் பையன் ஊரிலிருந்தே வருவான். கடை முதலாளியின் கடிதம் ஊரிலே பலர் முன்னிலையில் வாசிக்கப்படும். ஆண்டிற் பத்துத் திங்கள் ஊரில் இல்லாத ஒருவர் கோயில் நிருவாகத்தில் முதற் சொல் சொல்பவராக இருப்பதை எவரும் விந்தையாகக் கொண்டதில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அக்கடைகளைச் சூறையாடியபோது, தெற்கிலே எரிந்த கடையின் வெப்பம் தீவிலே உணரப்பட்டது.

எழுத்தாலும் பயணத்தாலும் பரந்து கிடந்தோரைப் பிணைக்கும் இவ்வழக்கத்தை அறிவுலகிற்கே உரிய ஒரு நிறுவனமாக்கியவரும் இத்தீவிலே பிறந்தவரே. ஊர்காவற்றுறைக்கு அண்மையிலுள்ள கரம்பொனில் 1913ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் பிறந்த தனிநாயகம் அடிகள், 1952இலிருந்து 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஏட்டை நடத்தினார். பேராதனையிலே கல்வித்துறை விரிவுரையாளராயிருந்தார். பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை பற்றிய ஆய்வுக்காக இலண்டன் பல்கலைக்கழகத்தில் 1957இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1964 சனவரியிற் புதுதில்லியிற் கீழைத்தேயவியல் அறிஞர் கூடியிருந்தபோது, அங்கு வந்திருந்த தமிழாய்வாளரைக் கூட்டி அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். 1966இற் கோலாலம்பூரில் முதல் மாநாடு நடந்தது. பிராகாவிலும் பாரிசிலும் லெனின்கிராட்டிலும் சென்னையிலும் தனித்தனியே தமிழ் கற்றுக்கொண்டிருந்தோர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது இவ்வாறே. கணினியின் துணையின்றி நிகழ்ந்த வலைப்பின்னல் இது. ஒருவரது ஓயாத கடிதப் போக்குவரத்தும் கடற்பயணமுமே அதற்குக் கம்பியும் மின்னோட்டமுமாயின. மன்றத்தின் நான்காம் மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்தில் நடந்ததையும், அதன் இறுதி நாளாகிய சனவரி 10ஆம் திகதி நேர்ந்த உயிரிழப்புகளையும் இங்கு விரிக்க வேண்டியதில்லை.

கணினி உலகிலே இதே எண்ணம் வேறொரு வாயிலால் நுழைந்தது. 1968இல் அமெரிக்க ஆய்வாளர் லிக்லைடர், ரெயிலர் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரையொன்று கணினியைக் கணக்கிடும் பொறியாகவன்றித் தொடர்புக் கருவியாகவே முதன்மையாக நோக்கியது. வருங்காலத்திற் குழுக்கள் இருப்பிடத்தாலன்றி ஈடுபாட்டால் அமையும் என்றும், பக்கத்தில் வாழ நேர்ந்தவர் என்ற தற்செயலுக்கு மனிதர் கட்டுப்பட வேண்டியிராது என்றும், அதனால் அவர் மகிழ்வு கூடும் என்றும் அவர்கள் எதிர்பார்த்தனர். அன்றைக்கு வலையிற் பிணைந்த கணினிகளை விரல் விட்டு எண்ணியிருக்கலாம் என்பதை நினைக்கும்போது, முன்னறியும் திறன் வியப்பூட்டுவதே. ஆயினும் அண்மையைத் தற்செயல் என்று தள்ளிய அந்த ஒரு சொல், இடம்விட்டு இடம் பெயர்தலை இயல்பாகக் கொண்ட ஒரு சமுதாயத்தின் சொல் என்பதும் மறைக்கற்பாலதன்று.

அதன்பின் நிகழ்ந்தவற்றுட் பல மாணவர் கையால் நிகழ்ந்தன. 1979இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்துப் பட்டப்பின் மாணவர் இருவர், தொலைபேசிக் கம்பி வழியே கணினிகள் செய்தி பரிமாறும் யூஸ்நெற் என்னும் முறையைத் திட்டமிட்டனர். பெரும் ஆய்வுக்கூடங்களின் வலையிற் சேர வழியற்றோர் தமக்கெனச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒரு பத்தாண்டு கழிந்தபின் தமிழருக்கான உரையாடற் பகுதியும் அங்கே தோன்றியது. 1994 சனவரியில் அமெரிக்கக் கணினியாளர் சங்கத்தின் ஏடு சமூகக் கணிமை என்னும் பெயரிலேயே ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதனைத் தொகுத்தவர் டக் சூலர். துறைக்குப் பெயர் நிலைத்ததில் அவ்விதழுக்குப் பங்குண்டு.

சமூகவியலிலிருந்து இதற்கு அடித்தளம் இட்டவர் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பரி வெல்மன். ரொறன்ரோவின் ஈஸ்ற் யோர்க் பகுதியில் 1968இல் 845 பேரிடம் திரட்டிய செய்திகளைக் கொண்டு 1979இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஊர் அழிந்ததா நிலைத்ததா என்ற பழைய வழக்கையே மாற்றி அமைத்தது. தமக்கு மிக நெருங்கியவர் யார் என வினவியபோது அம்மக்கள் சுட்டியவர்களுள் அயலிலே வாழ்ந்தோர் சிறு பகுதியினரே. மாநகரின் பல பாகங்களிலும் அதற்கு வெளியிலும் இருந்தோரே பலர். எனவே ஊர் அழியவில்லை, நிலைக்கவுமில்லை. அது இடத்தினின்று விடுதலை பெற்றுவிட்டது என்பது அவர் முடிவு. ஊரைத் தேடுவோர் தெருவைப் பாராது உறவுகளைப் பார்க்கவேண்டும் என அவர் வற்புறுத்தினார். மலாயாவிலிருந்து பணம் அனுப்பிய தீவகத்தாரைக் கண்டிருந்தால் இம்முடிவுக்கு 1979வரை காத்திருக்கத் தேவை ஏற்பட்டிராது எனலாம்.

வெல்மனின் மாணவர் கீத் ஹம்ரன் தம் கலாநிதிப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆய்வே இங்கு விரிவாக நோக்கற்குரியது. ரொறன்ரோவின் புறநகர்ப் பகுதியிற் புதிதாக எழுந்த குடியிருப்பொன்றில் அதிவேக இணைய இணைப்பை வீடுதோறும் அமைக்கும் பரிசோதனை 1990களின் நடுப்பகுதியில் நடந்தது. ஆய்வேட்டில் அக்குடியிருப்புக்கு நெற்வில், அதாவது வலையூர் எனப் பொருள்படும் புனைபெயர் இடப்பட்டது. 109 வீடுகள், அவற்றுள் 64 வீடுகளுக்கு இணைப்புக் கிடைத்தது. ஏனையவற்றுக்கும் வாக்களிக்கப்பட்டிருந்தது, பரிசோதனையை நடத்திய அமைப்பால் உரிய காலத்தில் அது நிறைவேற்றப்படவில்லை. இக்குறைபாடு ஆய்வாளருக்கு வாய்ப்பாயிற்று. இணைப்புள்ளோரும் இல்லாதோரும் வசதியாலோ விருப்பத்தாலோ பெரிதும் வேறுபட்டவரல்லர் ஆதலால், இரு சாராரையும் ஒப்பிட இயன்றது.

ஹம்ரன் வினாக்கொத்தை அஞ்சலில் அனுப்பிவிட்டு இருந்துவிடவில்லை. 1997 ஒக்டோபரில் அவ்வூரிலேயே வீடொன்றின் நிலவறைப் பகுதியை வாடகைக்கு எடுத்துக் குடியேறி, 1999 ஓகஸ்ட்வரை அங்கு வாழ்ந்தார். அயலாரின் விருந்துகளுக்குச் சென்றார். தெருவில் நின்று கதைத்தார். ஊரார் தமக்குள் நடத்திய மின்னஞ்சற் பட்டியலைத் தொடர்ந்து கவனித்தார். மானிடவியலாளர் தொலைதூரத் தீவுகளுக்குச் சென்று வாழும் முறையைத் தம் பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள புறநகரொன்றிற் கையாண்டார் எனலாம். 2001இற் பட்டம் பெற்றார்.

அவர் கண்ட முடிவுகள் ஆசிரியரின் கொள்கையை அப்படியே வழிமொழியவில்லை. இணைப்பைப் பெற்ற வீட்டார் சராசரியாக 25 அயலாரைப் பெயர் சொல்லி அறிந்திருந்தனர். இணைப்பில்லாதோர் 8 பேரையே அறிந்திருந்தனர். பேசிப் பழகுவோர் தொகையும் ஏறத்தாழ இருமடங்கு. மேலும், இணைப்பில்லாதோருக்குத் தெரிந்தவர் பக்கத்து வீட்டாரே. இணைப்புள்ளோருக்கு ஊரின் மறு கோடியிலும் அறிமுகம் இருந்தது. வீட்டுக்குள் அடைத்து வைக்கும் எனப் பலர் அஞ்சிய கருவி தெருவுக்கு அழைத்து வந்தது. வீடுகளிற் காணப்பட்ட கட்டுமானக் குறைகளைப் பற்றி ஒருவர் மின்னஞ்சலில் எழுத, பலர் தமக்கும் அவ்வாறே என எழுத, கட்டியவரிடம் ஊராகத் திரண்டு சென்றனர். 1998இற் பரிசோதனை முடிந்துவிட்டதென இணைப்பு நிறுத்தப்பட்டபோதும் அவ்வாறே எதிர்த்து நின்றனர். தொலைவிலிருந்த சுற்றத்தாரோடும் நண்பரோடும் கொண்ட உறவுங்கூட வலுப்பெற்றது. உலகளாவியதும் ஊரளவானதும் ஒன்றையொன்று தின்பனவல்ல என்பது இதனாற் புலனாயிற்று. இடத்தினின்று விடுதலை பெற்ற ஊர் என்ற கருத்துக்கு, இடம் திரும்பி வந்து ஒரு திருத்தம் சொன்னது.

இனி, அதே ஆண்டுகளில் மண்கும்பானில் நிகழ்ந்தது யாது என்பதை நோக்கலாம். 1990 யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் மாதம் யாழ்ப்பாணக் கோட்டையை மீட்கும் நோக்குடன் அரச படைகள் தீவகத்தில் இறங்கின. ஓகஸ்ட் 23ஆம் நாளையடுத்து மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் ஆகிய மூன்று ஊர்களைச் சேர்ந்த இளைஞர் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போயினர். 1991 ஒக்டோபரிற் படைகள் மீண்டும் வந்து தீவுகளைத் தம் வசமாக்கின. மக்களிற் பெரும்பாலோர் குடாநாட்டுக்கும், பின்னர் அங்கிருந்து வன்னிக்கும் கொழும்புக்கும் இந்தியாவுக்கும், இயன்றோர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்குமாகச் சிதறினர். எஞ்சியவருட் பலர் முதியோர். 2006ஆம் ஆண்டின் நிகழ்வுகளால் அயலூராகிய அல்லைப்பிட்டி மறுபடியும் பெயர்ந்தது. வலையூருக்கு வினாடிக்குப் பத்து மெகாபிற் வேகத்தில் இணைப்பு வழங்கப்பட்ட காலத்தில், யாழ்ப்பாணப் பகுதியிலோ தேசிய மின்வழங்கலும் வெளித் தொலைபேசியும் அறுபட்டிருந்தன. செய்தி அனுப்ப விரும்பியோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவங்களையும் வந்துபோவோரின் கைகளையும் நம்பியிருந்தனர்.

இரண்டு ஊர்களுக்கும் ஒரு வகையில் நில உறவும் உண்டு. வலையூர் அமைந்த அதே ரொறன்ரோப் பெரும்பாகமே, 1983க்குப் பின் புறப்பட்ட ஈழத்தமிழர் மிகுதியாகக் குடியேறிய இடங்களுள் ஒன்று. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலே தத்தளித்த 155 தமிழரை மீன்பிடிப்போர் மீட்ட செய்தி அக்குடியேற்றத்தின் தொடக்க காலத்துக்குரியது. ஸ்காபரோவிலும் பாரிசின் லா சப்பலிலும் இலண்டனிலும் ஊர்ப் பெயர் தாங்கிய சங்கங்கள் தோன்றின. முன்பு கொழும்பிலிருந்து இயங்கிய நலன்புரிச் சங்கத்தின் வழக்கமே இது. தூரம் மட்டும் கூடியது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அச்சங்கங்களின் கைகளுக்குக் கணினி வந்தது.

ஆயினும் தமிழில் எழுதுவது அன்று எளிதாயிருக்கவில்லை. எழுத்துருவை ஆக்கியவர் ஒவ்வொருவரும் குறியீட்டை வெவ்வேறாக அமைத்தமையால், ஒருவர் எழுதிய கடிதம் மற்றவரின் திரையில் பொருளற்ற கிறுக்கலாகவே தோன்றியது. ஒரே மொழியார் ஒரே வலையில் இருந்தும் ஒருவரையொருவர் படிக்க இயலாதிருந்த நிலை அது. யூனிக்கோட் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. எனினும் அதனைக் கையாளும் வசதி பொதுப் பயன்பாட்டுக்கு வர ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது. இடைக்காலத்தில் மின்னஞ்சல் வழியே கூடிய ஆர்வலர் திஸ்கி என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். 1999இற் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என இரண்டை ஏற்றது. 1997இற் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கு வழிவகுத்த நா. கோவிந்தசாமி தம் எழுத்துருவுக்குக் கணியன் எனப் பெயரிட்டிருந்தார். எல்லா ஊரையும் தம்மூராகக் கருதிய சங்கப் புலவரின் பெயர் அது. அப்புலவரின் பெயரிலே பூங்குன்றம் என்னும் ஊரும் கூடவே ஒட்டிக்கொண்டிருப்பதை உரையாசிரியர்கள் ஏனோ பெரிதுபடுத்துவதில்லை.

குறியேற்றம் பற்றிய இப்பூசல்களைத் தொழில்நுட்பச் சில்லறை எனக் கருதுவது தவறு. எதனை எவ்வாறு எழுதுவது என ஊதியமின்றி ஒப்பந்தமின்றி நாடுகள் கடந்து மக்கள் இணங்கியமையே சமூகக் கணிமையின் மெய்யான வரலாறு. 1998 தைப்பொங்கலன்று சுவிற்சர்லாந்தின் லோசானிலிருந்த வேதியியலாளர் கு. கலியாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குச் சிறந்த சான்று. ஒருவர் தட்டெழுதுவார், கடலுக்கப்பால் இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார், இருவரும் நேரிற் சந்தித்திருக்கமாட்டார். 2003இற் தமிழ் விக்கிப்பீடியா உருவானது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்தவரும் கட்டடக் கலைஞருமாகிய இ. மயூரநாதன் ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து அதன் தொடக்க காலப் பளுவைப் பெரிதும் சுமந்தார். 2017 மே மாதத்தில் அதன் கட்டுரைகள் ஒரு இலட்சத்தை எட்டின. ஆளில்லாத ஊர்களுக்கும் அங்கே கட்டுரைகள் எழுந்தன.

2005இற் தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கு இவ்வரிசையிலே தனியிடம் உண்டு. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பின் நினைவு வாழும் சமுதாயத்தில், ஒரே கட்டடத்தில் எல்லாம் இருத்தலாகாது என்பதற்குக் காரணம் கூறத் தேவையில்லை. ஈழத்து நூல்களோடும் ஏடுகளோடும் பாடசாலை மலர்களையும், கோயிற் குடமுழுக்கு மலர்களையும், இறந்தோர் நினைவாக வெளியிடப்படும் கல்வெட்டுகளையும் அது தொகுத்தது. எந்தப் பல்கலைக்கழக நூலகமும் முன்பு மதித்துச் சேர்க்காத இவ்வெளியீடுகளே சிற்றூர் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். ஒருவரின் அந்தியேட்டிக் கல்வெட்டிலே அவர் பிறந்த குறிச்சி, மணஞ்செய்த ஊர், மலாயாவில் வகித்த பதவி, பிள்ளைகள் குடியேறிய நாடுகள் யாவும் அடங்கியிருக்கும். வெல்மன் 845 பேரிடம் வினவிப் பெற்ற உறவுப் படத்தைத் தீவகத்துக் குடும்பங்கள் தாமே அச்சிட்டு வைத்திருந்தன.

இவ்வாறெல்லாம் நோக்குகையில், சிதறிய ஊரை வலை மீட்டுத் தந்தது என முடிவுகட்டத் தோன்றும். அம்முடிவு அவசரமானது. வெல்மன் ஆராய்ந்த ஈஸ்ற் யோர்க் மக்கள் வேறிடம் செல்லவும் திரும்பவும் உரிமையுடையோர். அவர்தம் ஊர் இடத்தினின்று விடுதலை பெற்றது. மண்கும்பானாரின் இடமோ பறிக்கப்பட்டது. விடுதலை பெற்றதும் வேர் பிடுங்கப்பட்டதும் உறவுப் படத்தில் ஒரே கோலமாகவே தோன்றும்: கோடுகள் நீண்டு கடல் கடந்து செல்லும். கோட்டின் நீளத்தை அளக்கும் முறை அது நீண்டதன் காரணத்தை அளப்பதில்லை. காணாமற் போனவருக்கு அப்படத்தில் இடமேயில்லை. ஆயினும் ஊரார் ஒருவரோடொருவர் பேசுவதிற் பெரும்பகுதி அவர்களைப் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது.

வலை பிணைப்பது அன்பை மட்டுமன்று என்பதையும் இலங்கை கண்டது. 2018 மார்ச்சு மாதம் கண்டி மாவட்டத்தில் திகனையிலும் அயலிலும் முஸ்லிம் மக்கள்மீது தாக்குதல் நிகழ்ந்தபோது வெறுப்புச் செய்திகள் பேஸ்புக் வழியே பரவின; அரசு சில நாட்கள் சமூக ஊடகங்களைத் தடைசெய்தது; தன்பால் நேர்ந்த பிழைக்கு அந்நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. இத்தகைய பரவலைப் பல ஆண்டுகள் கண்காணித்துவந்த சஞ்சன ஹத்தொட்டுவ, நியூசிலாந்தின் ஒற்றாகோப் பல்கலைக்கழகத்திற் சமூக ஊடகமும் வன்முறையும் பற்றிக் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்தார். இலங்கையிற் பிறந்த ஆய்வாளர் எவரும் கனடாவின் வலையூரிற் கண்ட நல்விளைவை மட்டும் பாடமாகக் கொள்ள இயலாது. தமிழரும் இதற்கு விலக்கல்லர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தில் வாழ்ந்தபடி யாழ்ப்பாணத்துத் தெருப் பெயர்களைச் சொல்லிப் பிள்ளை வளர்த்தோரும் ஊரைத் தூரத்திலிருந்து சுமந்தவர்களே. புலம்பெயர்ந்தோர் அமைக்கும் வலையூர்களில் அவர்கள் அயலாராக எண்ணப்படுகின்றனரா என்பது ஆராய்வுக்குரியது.

போர் முடிந்த 2009க்குப் பின் இன்னொரு சிக்கலும் தோன்றியுள்ளது. கோயில் திருவிழா நேரலையாகப் பாரிசிற் காணப்படுகிறது. திருப்பணிக்குப் பணம் அங்கிருந்து வருகிறது. பணத்தோடு தீர்மானமும் வருகிறது. கோபுரம் எவ்வளவு உயரவேண்டும், எக்காணியில் எவர் குடியிருக்கலாம், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வேண்டுமா ஆசிரியர் வேண்டுமா என்பன தொலைவிலே பேசி முடிக்கப்படலாம். மலாயா ஓய்வூதியர் காலத்திலும் இவ்வாறு நடந்ததுண்டு. ஆயின் அவர் ஓய்வுபெற்றபின் அக்கோபுர நிழலிலேயே இருந்து பக்கத்து வீட்டாரின் ஏச்சையும் கேட்டார். இன்று தீர்மானிப்போரிற் பலரின் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை. ஊரிலேயே வாழ்பவர், தம் ஊரைப் பற்றிய உரையாடலில் ஒலி குறைந்தவராகிவிடுகின்றனர். வலையூரில் இணைப்புக் கிடையாத 45 வீட்டாரை ஹம்ரன் எவ்வளவு கவனமாக எண்ணினாரோ, அவ்வளவு கவனம் இவர்களுக்கும் உரியது.

தீவகத்தைப் பின்புலமாகக் கொண்டு இத்துறையிற் கலாநிதிப் பட்டத்துக்குப் புகும் மாணவர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் கொள்கை பற்றியதன்று. வாடகை வீடு பற்றியது. ஹம்ரனுக்கு ஒரு நிலவறை போதியதாயிற்று, ஏனெனில் அவருடைய ஊர் ஒரே இடத்தில் இருந்தது. மண்கும்பானை ஆராய்பவர் எங்கே குடியேறுவது? லா சப்பலில் இருந்தால் தீர்மானங்கள் பிறப்பதைக் காணலாம். ஸ்காபரோவில் இருந்தால் நினைவு அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதையும் நழுவுவதையும் காணலாம். கணினித் திரையின் முன் இருந்தால் எழுதப்படுவன யாவற்றையும் காணலாம். எழுதப்படாதது, பண்ணைத் தாம்போதிக்கு அப்பால், குறிகட்டுவானுக்குப் போகும் வீதியின் இரு மருங்கும் கிடக்கிறது: பூட்டிய வீடுகளின் உறுதிகள் யார் கையில் உள்ளன, எக்கிணற்றில் இப்போது அள்ளுகின்றனர், மணலை ஏற்றிச் செல்ல ஒருவர் வந்தால் அதனைத் தடுக்க ஊரில் யார் இருக்கின்றனர் என்பன போன்றவை. ஆய்வாளர் தம் இரண்டாண்டு காலத்தின் முதற் பகுதியை அங்கேயே கழிப்பது தகும். ஏனைய நகரங்களுக்குச் செல்லும்போது எவரிடம் எதனைக் கேட்பது என்பதை அங்குள்ளோரே சொல்லி அனுப்புவர்.